எதை ஏற்பது, எதை மறுப்பது: நவீன உளவியல் பள்ளிகளும் குமரிக் கிறிஸ்தவமும்

குமரி மாவட்டத்தில் கன்வென்ஷன் காலம் வந்துவிட்டால் இரண்டு வகைச் செய்திகள் ஒரே பந்தலிலிருந்து காதில் விழும். உன்னால் முடியும், தோல்வியை வாயால் சொல்லாதே, நல்லதையே நினை, நினைத்தபடி ஆகும் என்பது ஒன்று. தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் மாத்திரை போடுகிறவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்கள் என்பது மற்றொன்று. முதலாவதை வேத வசனம் என்று நினைத்து ஆமென் சொல்கிறோம். அது இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் உருவான ஓர் உளவியல் கோட்பாடு. இரண்டாவதைப் பக்தி வைராக்கியம் என்று நினைக்கிறோம். அதற்கு வேதாகமத்திலும் ஆதாரமில்லை, திருச்சபையின் வரலாற்றிலும் ஆதாரமில்லை.

இந்தக் கட்டுரையின் வாதம் இந்த முரணிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு உளவியல் பள்ளியிலும் இரண்டு சரக்கு உண்டு. நோயைத் தணிக்கும் முறை ஒன்று, மனிதன் யார் என்ற கொள்கை இன்னொன்று. முறையைப் பலனைக் கொண்டு சோதிக்கலாம். கொள்கையை விசுவாசத்தைக் கொண்டுதான் சோதிக்க வேண்டும். நம் சபைகளில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். முறையைச் சந்தேகிக்கிறோம், கொள்கையைச் சோதிக்காமல் விழுங்குகிறோம்.

மண்ணும் கேள்வியும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் 18.7 லட்சம் பேரில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். 1540-களில் பிரான்சிஸ் சவேரியார் கடற்கரையில் நடந்தார். 1806-இல் ரிங்கல்தௌபே வந்தார். மயிலாடியில் வேதமாணிக்கத்தின் துணையோடு லண்டன் மிஷன் சபை வேர்பிடித்தது. 1838-இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் 1920-களிலிருந்து அங்கே கத்தி பிடித்தார். நாகர்கோவிலில் இரட்சணிய சேனை கேத்தரின் பூத் மருத்துவமனையை நடத்தியது. குடல்புண்ணுக்கு அறுவை செய்துகொள்வது விசுவாசத்துக்கு விரோதம் என்று இந்த மண்ணில் எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. ஜெபித்துவிட்டு மேஜையில் படுப்பதுதான் வழக்கம். நூறாண்டுக்கு மேல் உடலுக்கு இருந்த இந்தத் தெளிவு மனதுக்கு ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

ஒரு காரணம் ஊளம்பாறை. 1956 நவம்பர் 1 வரை குமரி திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. மனநோய் என்றால் திருவனந்தபுரம் ஊளம்பாறையில் 1870-இல் அமைந்த மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ அப்படி இங்கே ஊளம்பாறை ஏச்சுச் சொல்லாயிற்று. அங்கே போய் வந்தவர் வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

இன்னொரு காரணம் இதைவிடப் பழையது. மிஷனெரிகள் பேயாட்டத்தை மூடநம்பிக்கை என்று எழுதி முடித்துவிட்டார்கள். மனம் திரும்பியவர்களின் பயம் அத்தோடு போய்விடவில்லை. சுடலையும் இசக்கியும் பிசாசுகளின் பட்டியலுக்குள் இடம்மாறிக் கொண்டார்கள். ஆகவே ராத்திரி எழுந்து தனியே பேசும் பிள்ளையைப் பார்த்ததும் செய்வினையா, கட்டா, ஏவலா என்று கேட்பதற்குக் கிறிஸ்தவ வீட்டிலும் சொற்கள் தயாராக இருக்கின்றன. நோயா என்று கேட்கும் சொல்தான் கடைசியில் வருகிறது.

ஃப்ராய்டும் ஒரு போதகரும்

உளவியலை எதிர்க்கும் பிரசங்கங்களில் முதலில் அடிவாங்குகிறவர் சிக்மண்ட் ஃப்ராய்டு. அதற்கு அவரே இடம் கொடுத்தார். 1907-இல் மதச் சடங்குகளைத் திரும்பத் திரும்பக் கைகழுவும் நோயோடு ஒப்பிட்டார். 1927-இல் வெளியிட்ட நூலில் கடவுள் நம்பிக்கை குழந்தைப் பருவத்து ஏக்கத்தின் மாயை என்றார். ஆனால் அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவர் ஜூரிச் நகரப் போதகர் ஆஸ்கர் ஃபிஸ்டர். 1909-இல் தொடங்கிய கடிதத் தொடர்பு முப்பது ஆண்டு நீடித்தது. ஃபிஸ்டர் உளப்பகுப்பாய்வைத் தம் சபை மக்களிடம் பயன்படுத்தினார். ஃப்ராய்டின் நூலுக்கு 1928-இல் மறுப்பும் எழுதினார். கருவியை ஏற்று, அதைச் செய்தவரின் நாத்திகத்தை மறுத்த முதல் கிறிஸ்தவர்களில் அவர் ஒருவர். இந்தியாவில் கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை 1922-இல் நிறுவியபோது அவரும் ஃப்ராய்டை அப்படியே நகலெடுக்கவில்லை.

ஃப்ராய்டிடம் கிறிஸ்தவர் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மனிதன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்பவன். தான் சொல்லும் காரணத்துக்கு அடியில் வேறு காரணம் இருக்கும். ரோமர் ஏழாம் அதிகாரத்தில், விரும்பும் நன்மையைச் செய்யாமல் வெறுக்கும் தீமையைச் செய்கிறேன் என்று பவுல் திகைப்பதைப் படித்தவருக்கு இது புதிதாக இருக்காது. பக்தியே சில சமயம் கோபத்தின் முகமூடியாக இருக்கும் என்பதைச் சபை நிர்வாகக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள்.

மோதல் குற்ற உணர்வில் வருகிறது. ஃப்ராய்டின் பார்வையில் குற்ற உணர்வு என்பது தந்தையின் அதட்டல் உள்ளே குடியேறியது. சிகிச்சை அதன் பிடியைத் தளர்த்த வேண்டும். கிறிஸ்தவப் பார்வையில் பொய்யான குற்ற உணர்வும் உண்டு, மெய்யான குற்றமும் உண்டு. இதை உரக்கச் சொன்னவர்களில் இறையியலாளர் அல்லாதவர்களும் உண்டு. அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்த ஹோபர்ட் மௌரர், 1961-இல் எழுதிய நூலில், நோயாளிகள் பலரை வாட்டுவது குற்ற உணர்வு அல்ல, மறைத்து வைத்த குற்றமே என்றார். 1973-இல் மனநல மருத்துவர் கார்ல் மெனிங்கர், பாவம் என்ற சொல் எங்கே போயிற்று என்று தம் நூலின் தலைப்பிலேயே கேட்டார்.

தங்கையின் பங்குச் சொத்தை எழுதி வாங்கிவிட்டு இருபது ஆண்டாகத் தூக்கமில்லாமல் இருப்பவருக்கு முதலில் தேவை தங்கை வீட்டுக்குப் போகும் துணிவு. பிரசவத்துக்குப் பின் காரணமின்றிக் குழந்தையைக் கொன்றுவிடுவேனோ என்று நடுங்கும் தாய்க்குத் தேவை மருத்துவர். பாவ அறிக்கை அல்ல. இந்த இரண்டையும் பிரித்தறிவதில்தான் போதகரின் திறமை இருக்கிறது. ஃப்ராய்டு முதலாமவரைக் கைவிடுகிறார். நம் உபவாச ஜெபக் கூட்டங்கள் பல இரண்டாமவரைக் கைவிடுகின்றன.

உளவியலாளர் கார்ல் யுங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சீர்திருத்தச் சபைப் போதகரின் மகனான அவர் மதத்தை நோய் என்று சொல்லவில்லை. மனதின் தேவை என்றார். அதனால் பலருக்கு அவர் ஃப்ராய்டைவிட இனிக்கிறார். கவனிக்க வேண்டியதும் அங்கேதான். யுங்கிடம் கடவுள் மனதுக்குள் இருக்கும் ஒரு படிமம். அந்தப் படிமத்துக்கு வெளியே அவர் உண்மையில் இருக்கிறாரா என்ற கேள்வியை யுங்கின் உளவியல் கேட்பதில்லை. தொமினிக்கன் துறவி விக்டர் வைட் அவரோடு ஆண்டுக்கணக்கில் கடிதமெழுதி, கடைசியில் யோபுவைப் பற்றிய யுங்கின் நூலில் வந்து முட்டிக்கொண்டார்.

நடத்தைவாதம்: பயத்தைப் போக்கும் கலை, சுதந்திரத்தை மறுக்கும் கொள்கை

1913-இல் ஜான் வாட்சன் மனம் என்ற பேச்சையே உளவியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றார். கண்ணுக்குத் தெரியும் நடத்தை மட்டுமே அறிவியல். 1920-இல் அவரும் ரோசலி ரேய்னரும் ஒரு கைக்குழந்தைக்கு வெள்ளை எலியைக் கண்டால் அலறும் பயத்தைச் செயற்கையாக ஊட்டிக் காட்டினார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் அதன் மறுபக்கத்தைக் காட்டினார்: முயலுக்குப் பயந்த சிறுவன் விரும்பும் தின்பண்டத்தைத் தின்றுகொண்டிருக்கும்போது முயலைத் தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் சற்றே நெருக்கிக் கொண்டுவந்து பயத்தைக் கரைத்தார். இன்று பேருந்தில் ஏறப் பயப்படுகிறவருக்கும் கடலைக் கண்டால் நடுங்குகிறவருக்கும் செய்யும் சிகிச்சைக்கு இதுதான் தாய்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிக் கரைகளில் கடலின் பக்கம் திரும்பவே மறுத்த குழந்தைகளைப் பற்றிப் பேசாத வீடில்லை. அப்படிப்பட்ட பிள்ளையைப் படிப்படியாகக் கரைக்குக் கூட்டிப்போகும் முறையை எதிர்க்கக் கிறிஸ்தவருக்கு ஒரு காரணமும் இல்லை.

எதிர்க்க வேண்டியது நடத்தைவாதி பி. எஃப். ஸ்கின்னர் 1971-இல் எழுதிய நூலின் முடிவை. சுதந்திரம், மாண்பு என்பவை பழைய கட்டுக்கதைகள். நற்செயலுக்குப் பரிசு கிடைக்கும்படி சூழலைச் சரியாக அமைத்தால் நல்ல சமுதாயத்தைத் தயாரித்துவிடலாம் என்றார் அவர். தயாரிக்கப்பட்ட நற்செயலைக் கிறிஸ்தவம் புண்ணியம் என்று ஒப்புக்கொள்ளாது. ஆனால் மதிப்பெண்ணுக்குப் பரிசு, ஞாயிறு பள்ளி வருகைக்குப் பரிசு, வசனம் ஒப்புவித்தால் பரிசு என்று நம் நிறுவனங்கள் பிள்ளைகளை வளர்க்கும் விதத்தைப் பார்த்தால், ஸ்கின்னரைப் படிக்காமலே அவருக்குச் சீடர்களாகிவிட்டோம் என்று தோன்றுகிறது.

பின்வாசல் வழியே வந்த உளவியல்

கார்ல் ரோஜர்ஸ் கண்டிப்பான புராட்டஸ்டண்டு வீட்டில் வளர்ந்தவர். 1922-இல் உலகக் கிறிஸ்தவ மாணவர் மாநாட்டுக்குச் சீனா போனார். நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்தார். பிறகு இறையியலை விட்டு உளவியலுக்கு வந்தார். அவர் விட்டுச் சென்றது கேட்கும் கலை: தீர்ப்புச் சொல்லாமல், இடைமறிக்காமல், புத்திமதியை அள்ளிக் கொட்டாமல் கேட்பது. இன்று குமரியில் ஆற்றுப்படுத்துதல் பயிற்சி பெறும் அருட்சகோதரிகளும் போதகர்களும் முதலில் கற்பது இதைத்தான். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்ததும் கெடுத்தார்கள். ரோஜர்ஸ் கற்பிப்பது அந்த ஏழு நாளை.

ஆனால் ரோஜர்ஸிடமும் அவரைப் போன்ற மனிதநலக் கோட்பாட்டாளர் மாஸ்லோவிடமும் ஒரு கொள்கை சேர்ந்தே வருகிறது. மனிதன் இயல்பாகவே நல்லவன். தடைகளை நீக்கினால் தானாக மலர்வான். தன்னை நிறைவு செய்துகொள்வதே வாழ்வின் உச்சம். விழுகையைப் பற்றியும் கிருபையைப் பற்றியும் பேசும் விசுவாசத்துக்கு இது நேர் எதிர். 1977-இல் பால் விட்ஸ் இதைச் சுயத்தை வணங்கும் மதம் என்றே விமர்சித்தார்.

இந்தக் கொள்கை நம்மிடம் உளவியல் என்ற பெயரில் வரவில்லை. நியூயார்க் போதகர் நார்மன் வின்சென்ட் பீல் நேர்மறைச் சிந்தனையின் வல்லமையைப் பற்றி 1952-இல் எழுதிய நூல் வழியாக வந்தது. ஃப்ராய்டிடமே பகுப்பாய்வுக்குப் போய்வந்த ஸ்மைலி பிளாண்டன் என்ற மனநல மருத்துவரோடு சேர்ந்து பணியாற்றியவர் பீல். 1982-இல் ராபர்ட் ஷுல்லர், தன்மதிப்புதான் புதிய சீர்திருத்தம் என்று அறிவித்தார். மொழிபெயர்ப்பாகவும் தொலைக்காட்சி ஊழியமாகவும் வாட்ஸப் வசனமாகவும் அதுதான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. சிலுவை இல்லாத, புலம்பல் இல்லாத, கடைசி வரி வரை இருட்டாகவே முடியும் எண்பத்தெட்டாம் சங்கீதம் இல்லாத ஒரு சுவிசேஷம். இதைக் கேட்டு வளர்ந்தவருக்கு மனச்சோர்வு வந்தால் நோய் ஒரு பாரம், நல்லதை நினைக்கத் தெரியாத குற்றம் இன்னொரு பாரம்.

எண்ணமும் மூளையும்

1960-களில் ஆரன் பெக் சோர்வுற்றவர்களின் எண்ணங்களில் ஓர் ஒழுங்கைக் கண்டார். நான் உதவாதவன், எல்லாம் முடிந்தது, இனி ஒன்றும் மாறாது என்று எண்ணங்கள் தாமாக ஓடுகின்றன. அவற்றை எழுதிப் பார்த்து, ஆதாரம் எங்கே என்று கேட்கக் கற்றுத்தருவது அறிகைச் சிகிச்சை. இன்று மிக அதிகமாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட பேச்சு சிகிச்சை இதுதான். நான்காம் நூற்றாண்டு எகிப்துப் பாலைவனத்தில் எவாக்ரியுஸ் எட்டு வகைத் தீய எண்ணங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் எப்படி எதிர்கொள்வது என்று துறவிகளுக்கு எழுதியதை அறிந்தவருக்கு இது பழகிய வழி. நடுப்பகலில் வரும் சலிப்பை அவர் விவரிக்கும் விதத்தை இன்றைய மருத்துவர் வாசித்தாலும் தலையாட்டுவார்.

இதிலும் ஓர் எல்லை உண்டு. எண்ணத்துக்கு ஆதாரம் உண்டா என்று சிகிச்சை கேட்கிறது. ஆதாரம் மெய்யாகவே இருந்தால் என்ன செய்வது என்றும் கேட்க வேண்டும். கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது எல்லாம் முடிந்தது என்று நினைப்பவரிடம் எண்ணத்தை மட்டும் திருத்தச் சொல்வது அநியாயம். திருத்த வேண்டியது வட்டியை. ஆமோஸும் யாக்கோபும் இருக்கும் வேதாகமத்தைக் கையில் வைத்திருப்பவர் இதை மறக்கக் கூடாது.

மருந்து என்பது உண்மையில் ஓர் உளவியல் பள்ளியே அல்ல. ஆனாலும் நம்மிடையே அதிகம் பயப்படப்படுவது அதுதான். 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் லித்தியத்தின் பயனைக் கண்டார். 1952-இல் பாரிஸில் குளோர்புரோமசின் வந்தது. பலருடைய சங்கிலி அவிழ்ந்தது அதற்குப் பிறகுதான். மனிதன் மண்ணினால் உருவாக்கப்பட்டவன் என்று ஆதியாகமம் சொல்கிறது. மூளையும் அந்த மண்ணில் சேர்ந்ததே. சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் உபதேசம் செய்யவில்லை. தூங்கவிட்டான், அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான். கடவுளோடு பேச்சு அதற்குப் பிறகு. மனிதன் மூளை மட்டுமே என்று ஒரு மருத்துவர் சொன்னால் அந்தத் தத்துவத்தை மறுக்கலாம். அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டை அதற்காகக் கிழிக்கக் கூடாது.

திருச்சபைகள் தந்த பதில்கள்

புராட்டஸ்டண்டு உலகில் ஒரு கோடி ஜே ஆடம்ஸ். 1970-இல் வந்த அவருடைய நூல், உறுப்புக் கோளாறு இல்லாத மனத்துயர் எல்லாவற்றுக்கும் பாவமே காரணம், வேதாகமமே போதுமான மருந்து என்றது. நம் போதகர்கள் பலருடைய நிலைப்பாடு இதுதான். ஆனால் ஆடம்ஸ் 1965 கோடையில் மௌரரிடம் இருந்து கற்றவர். உளவியலை வெளியேற்றிய நூலுக்கு உளவியலாளர் ஒருவர் ஆசான்.

மறுகோடியில் ஆண்டன் பாய்சன். தாமே மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்துவிட்டு வந்த போதகர். 1925-இல் அமெரிக்காவின் உஸ்டர் மருத்துவமனையில் இறையியல் மாணவர்களுக்கு வார்டுப் பயிற்சி தொடங்கினார். புத்தகங்களைப் படிப்பதுபோல நோயாளிகளையும் படியுங்கள் என்பது அவருடைய வழி.

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை படிப்படியாகத் தெளிந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1953 ஏப்ரலில் உளச் சிகிச்சையாளர்களிடம் பேசியபோது அவர்களுடைய கலையை வரவேற்றார். மனிதனை உந்துதல்களின் மூட்டையாகப் பார்ப்பதை மறுத்தார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அருள்பணியில் உளவியலின் கண்டுபிடிப்புகளைப் பயன்படுத்த வேண்டும் என்றே எழுதியது.

இந்தியாவில் இந்தப் பேச்சு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செயலாயிற்று. கனடாவிலிருந்து வந்த ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் அங்கே மனநலப் பணிக்கு அடித்தளமிட்டார். 1957-இல் பாகாயத்தில் மனநல மையம் எழுந்தது. நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கவேண்டும் என்பது அங்கே முறை. மேலைநாட்டில் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துப் பூட்டிய காலத்தில், நம் வீட்டு வழக்கத்தையே சிகிச்சையாக மாற்றிய ஏற்பாடு அது. வேலூரில் மருத்துவராயிருந்த ஃபிராங்க் லேக் இங்கிலாந்து திரும்பி, 1966-இல் இறையியலையும் மனநல மருத்துவத்தையும் இணைத்துப் பெருநூல் எழுதினார். பின்னர் வேலூர்க் கிறிஸ்தவ ஆற்றுப்படுத்தும் மையத்தில் பி. ஜே. பிரசாந்தம் இந்தியச் சூழலுக்கேற்ற பயிற்சியை வளர்த்தார்.

அதிகம் பேசப்படாத ஒரு கலப்பு, குடிநோயாளிகளின் கூடுகை. 1935-இல் அமெரிக்காவில் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ எழுப்புதல் இயக்கம் ஒரு வேர். யுங் ஒரு குடிநோயாளியிடம் மருத்துவத்தால் முடியாது என்று கைவிரித்தது இன்னொரு வேர். 1957-இல் அது இந்தியாவுக்கு வந்தது. தன் பலவீனத்தை ஒப்புக்கொள்ளுதல், அறிக்கையிடுதல், ஈடுசெய்தல், ஒருவரை ஒருவர் தாங்குதல் என்று அதன் படிகள் உளவியலும் பாவசங்கீர்த்தனமும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்க முடியும் என்று காட்டுகின்றன. டாஸ்மாக் வாசலில் ஊதியம் கரையும் கரையோர ஊர்களுக்கு இதைவிட அவசரமான பாடம் இல்லை.

மூன்று சோதனைகள்

கொள்கைகளை எடைபோடக் குமரியிலேயே மூன்று இடங்கள் உண்டு.

முதலாவது பேய். நாகர்கோவிலுக்கு அருகே ராஜாவூர் மிக்கேல் அதிதூதர் ஆலயத்துக்கு மனநலம் குன்றியவர்களைக் கூட்டிவருவது நெடுநாள் வழக்கம். இப்படிப்பட்ட இடங்களை இகழ்வதும் தவறு, கண்ணைமூடி நம்புவதும் தவறு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து 2002-இல் எழுதினார்கள். சில வாரங்களில் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அடி, கட்டு ஏதுமில்லை. அமைதியான தங்கல், குடும்பத்தின் உடனிருப்பு, சிறு வேலைகள், இவ்வளவே. அதற்கு ஓராண்டு முன், 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடி தர்கா அருகே தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகினார்கள். வழிபாட்டிடம் அரவணைத்தால் குணம் உண்டு, சங்கிலி போட்டால் சாவு உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை முற்றாகத் தடை செய்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1614-ஆம் ஆண்டுப் பேயோட்டும் சடங்கு நூலே, பேய் என்று எளிதில் நம்பாதே, நோயா என்று முதலில் பார் என்று எச்சரித்தது. 1999 திருத்தம் அதை மேலும் இறுக்கியது. நானூறு ஆண்டு பழமையான சடங்கு நூலுக்கு இருந்த நிதானம் இன்றைய விடுதலை ஊழியங்கள் பலவற்றுக்கு இல்லை.

இரண்டாவது தற்கொலை. 1917 திருச்சபைச் சட்டம் தற்கொலை செய்தவருக்குக் கிறிஸ்தவ அடக்கத்தை மறுத்தது. கேரளப் பங்குகளில் அப்படிப்பட்டவரைப் புதைக்கும் மூலைக்குத் தெம்மாடிக்குழி என்று பெயர். 1983 சட்டம் அந்தத் தடையை விட்டுவிட்டது. 1992 மறைக்கல்வி நூல், கடும் மனக்கோளாறும் வேதனையும் பொறுப்பைக் குறைக்கும் என்று ஏற்று, அவர்களுடைய மீட்பில் நம்பிக்கை இழக்கக் கூடாது என்கிறது. பாவம் என்ற கொள்கையைத் திருச்சபை கைவிடவில்லை. மனதைப் பற்றிய அறிவு வளர்ந்ததும் தீர்ப்பில் கருணை வளர்ந்தது. உளவியலிடம் திருச்சபை கடன்பட்டிருக்கும் இடம் இது. ஆனால் மாவட்டத்தில் இன்றும் ஆராதனை நடத்தலாமா, மணி அடிக்கலாமா என்று வீட்டார் கெஞ்சும் நிலை சில சபைகளில் இருக்கிறது.

மூன்றாவது ஒக்கி. 2017 நவம்பர் 30 அன்று புயல் ஆழ்கடலில் சிக்கவைத்தவர்களில் பெரும்பாலோர் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற கரைகளின் ஆண்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து, தேடுங்கள் என்றார்கள். பலருடைய உடல் வரவே இல்லை. லட்சத்தீவில் கரை ஏறியிருக்கலாம், வேறு நாட்டுக் கப்பல் ஏற்றியிருக்கலாம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செய்தி வந்துபோயிற்று. பூசை வைப்பதா வேண்டாமா, படத்துக்கு மாலை போடுவதா வேண்டாமா, வெள்ளைச் சேலை உடுத்துவதா வேண்டாமா என்று ஒரு மனைவி மாமியாரோடும் பங்குத்தந்தையோடும் தன்னோடும் வாதாட வேண்டியிருந்தது. மாலை போட்டால் தானே அவனைக் கொன்றதாகும் என்ற எண்ணம். போடாவிட்டால் நிவாரணக் காகிதம் நகராது.

இந்தப் பெண்ணின் முன் இந்த உளவியல் பள்ளிகளை நிறுத்திப் பார்ப்போம். 1917-இல் துக்கத்தைப் பற்றி ஃப்ராய்டு எழுதியது, இழந்தவரிடமிருந்து பற்றைப் பிரித்தெடுக்கச் சொல்லும். இறந்தாரா என்றே தெரியாதவரிடமிருந்து எப்படிப் பிரிப்பது? நேர்மறைச் சிந்தனை வருவார் என்று நம்பச் சொல்லும், அது கொடுமை. கடவுளின் சித்தம், அழாதே என்று சொல்லும் ஆறுதலும் அதே கொடுமைதான். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ், முடிவு கிடைக்காத இழப்பு என்று ஒன்று உண்டு, அது நோயல்ல, இல்லை என்பதையும் இருக்கலாம் என்பதையும் ஒன்றாகச் சுமக்கக் கற்பதே வழி என்றார். யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரும் காணாமற்போதலும் தனி மனதை மட்டும் காயப்படுத்துவதில்லை, ஊரையே காயப்படுத்துகின்றன, சடங்கும் கூடிச் செய்யும் நினைவும் மருந்தாகும் என்று காட்டினார். சுனாமிக்குப் பின் வெளியிலிருந்து வந்தவர்கள் பாதிக்கப்பட்டவரை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, உலக சுகாதார நிறுவனமே அது வேண்டாம் என்றது.

இங்கே உளவியலும் திருச்சபையும் சந்திக்கின்றன. உடல் இல்லாமலும் பூசை வைக்கலாம். பெயர்களைக் கூட்டாக வாசிக்கலாம். கடல் இறந்தோரை ஒப்புக்கொடுக்கும் என்று திருவெளிப்பாடு சொல்வதை நம்பிக்கையாக வைத்திருக்கலாம். துக்கத்துக்குக் கெடு விதிக்காத ஒரு சமூகம் கூடவே இருக்கலாம். பாஸின் அறிவு அந்தப் பெண்ணின் நிலைக்குப் பெயர் தருகிறது. திருச்சபை அவளுக்கு ஆட்களைத் தருகிறது.

சோதிக்கும் முறை

ஆக, ஒரு பள்ளி நம் முன் வரும்போது அது கிறிஸ்தவமா இல்லையா என்ற கேள்வியால் பயனில்லை. நான்கு கேள்விகள் போதும். மனிதனை உடலும் ஆன்மாவுமாகப் பார்க்கிறதா, அல்லது ஒன்றை மட்டுமா? குற்றத்துக்கும் குற்ற உணர்வுக்கும் வேறுபாடு வைத்திருக்கிறதா? துன்பத்தைத் தனிமனிதன் மேல் மட்டும் சுமத்துகிறதா, வட்டிக்காரனையும் டாஸ்மாக்கையும் அரசையும் பார்க்கிறதா? மனிதன் தன்னைத்தானே மீட்டுக்கொள்வான் என்கிறதா? இந்தக் கேள்விகளில் உளப்பகுப்பாய்வு ஒன்றில் தவறும், நடத்தைவாதம் வேறொன்றில் தவறும், மனிதநலக் கோட்பாடு கடைசியில் தவறும். இவற்றில் எதுவும் எல்லாவற்றிலும் தவறாது. நேர்மறைச் சுவிசேஷம்தான் நான்கிலும் தவறுகிறது. அதைத்தான் மேடையில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

செய்ய வேண்டியவை கைக்கெட்டாத தொலைவில் இல்லை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் தமிழில் பேசுகிறது. நெய்யூர் மரபில் வந்த மருத்துவமனைகள் இருக்கின்றன. நாகர்கோவில் கன்கார்டியா போன்ற இறையியல் கல்லூரிகளும் குருமடங்களும் மாணவர்களைச் சில வாரங்களாவது மனநல வார்டில் நிற்க வைக்கலாம். ஜெபத்துக்கு வரும் குடும்பத்திடம் மருந்தை நிறுத்தாதீர்கள் என்று சொல்வதைப் போதகரின் கடமைகளில் எழுதி வைக்கலாம். பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்று இயேசு மறுத்தார். மனநோயாளியின் வீட்டு வாசலில் நின்று இன்றும் அதே கேள்வியைக் கேட்கும் சபை, உளவியலை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு தன் ஆண்டவரின் பதிலை எதிர்த்துக்கொண்டிருக்கிறது.